உதிரும் எனாமல்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவர்களின் பதில்கள்

மரபணுக் கோளாறோடு பிறந்த குழந்தைகளின் பற்கள் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இம்முறை பல் மருத்துவப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வயதில் ‘டெட்ராலஜி’ என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் நடந்தது. கடைவாய்ப் பால் பற்கள் முளைக்கும்போதே மஞ்சளாக இருந்தன; இப்போது பொடிப்பொடியாக உதிர்கின்றன. ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். “பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது” என்கிறார்கள். விட்டுவிடலாமா? (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: விடக் கூடாது. கடைவாய்ப் பால் பற்கள் விழுவது பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பற்களால்தான் அவள் சாப்பிட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் இதயம். சொத்தையான பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். ஆபரேஷன் செய்த இதயத்தில் அவை தங்கினால் இதயத்தின் உள்சுவரில் கிருமித் தொற்று, அதாவது உள்ளுறை அழற்சி (எண்டோகார்டைட்டிஸ்) வரலாம்.

முதலில் இது ஏன் வந்தது என்று பார்ப்போம். டிஜார்ஜ் என்பது 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பது. 22கியூ11.2 குறைபாடு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பாராதைராய்டு சுரப்பி சரியாக வளர்ந்திருக்காது. அதனால் ரத்தத்தில் கால்சியம் குறையும். பால் பற்களின் கெட்டியான வெளி உறையான எனாமல் தாயின் வயிற்றில் நான்காம் மாதத்தில் உருவாகத் தொடங்குகிறது. இரண்டாம் கடைவாய்ப் பால் பல்லின் எனாமல் முடியக் குழந்தைக்குப் பத்துப் பதினோரு மாதம் ஆகிவிடும். அந்த மாதங்களில் கால்சியம் குறைவு, மூச்சுத்திணறல், ஆபரேஷன், தொடர் காய்ச்சல் என்று எது வந்தாலும் எனாமல் செய்யும் செல்கள் தடுமாறும். பல் முளைத்தபின் அந்தச் செல்கள் இருக்காது. ஆகவே குறைபட்ட எனாமலை உடல் திரும்பச் செய்வதில்லை. மூடிக் காப்பாற்றத்தான் முடியும். கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ இதற்குக் காரணம் அல்ல.

பல் மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, சமீபத்திய எக்கோ ரிப்போர்ட்டும், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவையா இல்லையா என்று இதய மருத்துவர் எழுதிய குறிப்பும். இரண்டு, ரத்தக் கால்சியம் அளவு. முடிந்தால் அயனைஸ்டு கால்சியம். மூன்று, தட்டணுக்கள் உள்ளிட்ட ரத்த எண்ணிக்கை; இந்தக் குறைபாட்டில் தட்டணுக்கள் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு.

ஆன்டிபயாடிக் எல்லா இதயக் குழந்தைகளுக்கும் தேவைப்படுவதில்லை. செயற்கை வால்வு அல்லது வால்வு உள்ள குழாய் வைத்தவர்கள், ஒட்டு போட்ட இடத்தில் இன்னும் கசிவு உள்ளவர்கள், ஒட்டு போட்டு ஆறு மாதம் ஆகாதவர்கள், சரிசெய்யப்படாத இதயக் கோளாறால் உடல் நீலமாகும் குழந்தைகள், ஏற்கெனவே உள்ளுறை அழற்சி வந்தவர்கள் போன்றோருக்கே அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் அதைச் சொல்கிறது. தேவைப்பட்டால் அமாக்சிசிலின் ஒரு கிலோ எடைக்கு 50 மி.கி. வீதம், அதிகபட்சம் 2 கிராம், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே தவணையாக. 16 கிலோ குழந்தைக்கு 800 மி.கி.; 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 16 மி.லி. அடிக்கடி நடக்கும் தவறு, இதை ‘ஐந்து நாள், மூன்று வேளை’ கோர்ஸாகக் கொடுப்பது. அந்தச் சிறிய அளவு, ஈறைத் தொடும் நேரத்தில் ரத்தத்தில் போதிய மருந்தைத் தராது; மருந்துக்குப் பழகிய கிருமிகளைத்தான் வாயில் வளர்க்கும். குழந்தை ஏற்கெனவே வேறு காரணத்துக்கு அமாக்சிசிலின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேறு வகை மருந்து தர வேண்டும், அல்லது சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அசித்ரோமைசின் கிலோவுக்கு 15 மி.கி. எக்ஸ்-ரே எடுப்பதற்கும், ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவதற்கும், பால் பல் தானாக விழுவதற்கும் எதுவும் வேண்டாம்.

சிகிச்சை என்று வந்தால், உதிரும் கடைவாய்ப் பற்களுக்கு வெள்ளை ஃபில்லிங் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஓரத்தில் உள்ள எனாமலே உடைவதால் ஃபில்லிங் நிற்க இடமிருக்காது. ஸ்டீல் கேப் போட்டு முழுப் பல்லையும் மூடுவதே சரி. ஒரு முக்கிய விதிவிலக்கு: பல்லின் நரம்புக் கூழ் வரை கெட்டுவிட்டால், சாதாரணக் குழந்தைக்குப் பால் பல்லில் வேர் சிகிச்சை செய்வோம். உள்ளுறை அழற்சி அபாயம் அதிகம் உள்ள இதயக் குழந்தைக்கு அப்படிச் செய்யாமல் பல்லை எடுத்துவிட்டு, இடம் சுருங்காமல் இருக்க வளையம் வைப்பதுதான் பாதுகாப்பு. பாதி உயிரோடு இருக்கும் கூழைப் பல்லுக்குள் விட்டுவைப்பது அந்த இதயத்துக்கு நல்லதல்ல.

ஆறு வயதில் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கும். அதன் எனாமல் பிறந்த சமயத்தில் தொடங்கி இரண்டரை, மூன்று வயது வரை உருவானது. அதாவது அவளுடைய ஆபரேஷன் காலத்தில். அதுவும் மென்மையாக வர வாய்ப்பு உண்டு. பால் பல் எதுவும் விழாமல், வரிசைக்குப் பின்னால் புதிதாக வருவதால் பல பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஈறைக் கிழித்துப் பாதி எட்டிப்பார்க்கும்போதே கண்ணாடி அயனோமர் சிமென்ட் பூசி அதன் குழிகளை மூட வேண்டும். ஈரம் இருந்தாலும் அது ஒட்டும். ரெசின் சீலன்ட் ஒட்டாது. முழுதாக முளைத்தபின் நிலைமையைப் பார்த்து ரெசினோ, ஸ்டீல் கேப்போ போடலாம்.

கேள்வி: கால்சியம் மாத்திரை கொடுத்தால் எனாமல் மறுபடி வளருமா? ‘எனாமலை மீட்கும்’ பேஸ்ட் வாங்கலாமா? (திண்டுக்கல்)

பதில்: வளராது. முளைத்த பல்லுக்கு மாத்திரை மூலம் எனாமல் போய்ச் சேர வழியே இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைவாக இருந்தால், இனி உருவாகப்போகும் பற்களுக்காகவும் எலும்புக்காகவும் இதயத் துடிப்புக்காகவும் மருத்துவர் தருவார். அது வேறு விஷயம். விளம்பரப் பேஸ்ட்கள் மேற்பரப்பில் கொஞ்சம் தாதுவைப் படியவைத்துக் கூச்சத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். பால் புரதத்திலிருந்து செய்த சி.பி.பி.-ஏ.சி.பி. கிரீம் கூச்சத்துக்கு உதவும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தரவே கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

கேள்வி: ஸ்டீல் கேப் போட்டால் பள்ளியில் கேலி செய்வார்கள். பல் நிறத்திலேயே ஜிர்கோனியா கேப் இருக்கிறதாமே? (மதுரை)

பதில்: இருக்கிறது, அழகாகவும் இருக்கும். ஆனால் ஜிர்கோனியா வளையாது. பல்லை அதற்கேற்பச் சுற்றிலும் கணிசமாகச் செதுக்க வேண்டும். எனாமல் ஏற்கெனவே மெலிந்த பல்லைச் செதுக்கினால் நரம்புக் கூழுக்குப் போய்ச் சேருவது சுலபம். சிமென்ட் இறுகும் நேரத்தில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் அது ஒட்டவும் ஒட்டாது. முன்பற்களுக்கும், சிரித்தால் தெரியும் இடத்துக்கும் ஜிர்கோனியாவைப் பற்றி யோசிக்கலாம். பின்பற்களுக்கு எங்கள் ஓட்டு ஸ்டீலுக்குத்தான். பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்தால் ஒழிய அது தெரியாது.

ஸ்டீல் கேப்பை இன்று பல சமயம் ஊசியும் போடாமல், பல்லைச் செதுக்கவும் செய்யாமல் மாட்டுகிறோம். ஸ்காட்லாந்தில் தொடங்கிய இந்த முறைக்கு ஹால் முறை என்று பெயர். முதல் நாள், பல்லின் இரு பக்கமும் சிறு ரப்பர் வளையங்களைச் செருகி அனுப்புவார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் இடைவெளி கிடைக்கும். அதற்குள் வளையம் கழன்று விழுந்தால் சொல்லுங்கள், மறுபடி செருக வேண்டும். அடுத்த முறை வரும்போது, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டைப் பக்கம் துணித்துண்டு வைத்து, பல்லுக்குப் பொருந்தும் மிகச் சிறிய கேப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் கண்ணாடி அயனோமர் சிமென்டை நிரப்பி விரலால் அழுத்துவார்கள். பிறகு பஞ்சு உருளையைக் குழந்தையே இரண்டு மூன்று நிமிடம் கடித்துப் பிடிக்க வேண்டும். ஈறு வெளுத்துப்போகும், சில நிமிடத்தில் சரியாகும். கடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து, மற்ற பற்கள் சேராதது போல இருக்கும். பயந்துவிடாதீர்கள், சில வாரத்தில் தானாக அமரும்.

எங்கே பிசகுகிறது? பெரிய அளவு கேப் போட்டால், கடைசிப் பால் பல்லின் பின் ஓரம் நீட்டிக்கொண்டு, பின்னால் முளைக்கும் ஆறு வயதுப் பல் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். இரவில் தானாக வலிக்கும் பல்லுக்கோ, ஈறில் கொப்புளம் உள்ள பல்லுக்கோ மேலே கேப் மாட்டினால் உள்ளே சீழ் வளரும். எக்ஸ்-ரே பார்க்காமல் ஹால் முறை செய்யக் கூடாது. எனாமல் மெலிந்த வகைப் பிள்ளைகளுக்குப் பற்கள் சிறுத்து ஏற்கெனவே இடைவெளி இருக்கும், ரப்பர் வளையமே தேவைப்படாது. நிக்கல் ஒவ்வாமை இருந்தால் ஸ்டீல் வேண்டாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்க்காகத் தலைக்கு அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டீல் கேப்பால் ஆபத்தில்லை, ஆனால் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி மங்கலாகும்.

கேள்வி: எட்டு வயது மகனின் பற்களில் பழுப்புக் கறை. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பார்கள். தண்ணீரா, பரம்பரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பென்னாகரம், தருமபுரி மாவட்டம்)

பதில்: உங்கள் மாவட்டத்தில் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃபுளோரைடு கறை வாயின் இரு பக்கமும் ஒரே மாதிரி, ஜோடி ஜோடியாக இருக்கும். பல்லின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். பால் பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கும். பரம்பரை எனாமல் குறை என்றால் பால் பற்களிலேயே தெரிந்திருக்கும். எல்லாப் பற்களையும் பிடிக்கும். ஊரில் இல்லாமல் வீட்டில் மட்டும் இருக்கும். ஆறு வயதுக் கடைவாய்ப் பற்களிலும் முன்பற்களிலும் மட்டும், ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் குறைவாக, தெளிவான ஓரத்தோடு திட்டுகள் இருந்தால் அது எம்.ஐ.எச். என்ற மூன்றாவது வகை.

எக்ஸ்-ரேயிலும் துப்பு உண்டு. நல்ல எனாமல், உள்ளே இருக்கும் டென்டினைவிடப் பளிச்சென வெள்ளையாகத் தெரியும். தாதுக் குறைந்த பரம்பரை வகையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

கேள்வி: மகனுக்குப் பதின்மூன்று வயது. எல்லாப் பற்களும் மஞ்சள் பழுப்பு. முளைத்த வேகத்தில் தேய்கின்றன. ‘அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா’ என்றார்கள். முன்பற்களில் போட்ட ஃபில்லிங் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (ராஜபாளையம்)

பதில்: ஃபில்லிங் ஏன் விழுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இந்த நோயில் எனாமல் மூன்று விதமாகக் கெடும். முதல் விதத்தில் எனாமல் மெலிந்திருக்கும், ஆனால் கெட்டியாக இருக்கும். அதில் ஃபில்லிங் நன்றாகவே ஒட்டும். இரண்டாவதில் கனம் சரி, முதிர்ச்சி போதாது. சில்லு சில்லாகப் பெயரும். மூன்றாவதில் தாது ஏறவே இல்லை. கருவியால் சுரண்டினாலே வந்துவிடும். உங்கள் மகனுடையது நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றாவதாக இருக்கலாம். அந்த எனாமலில் போகாமல் தங்கிவிட்ட புரதம் அதிகம். ஃபில்லிங்குக்கு முன் தடவும் அமிலம் தாதுவைக் கரைத்து நுண்ணிய பள்ளங்களை உண்டாக்க வேண்டும். புரதத்தின் மேல் அமிலத்தால் அதைச் செய்ய முடியாது. ஈரச் சுவரில் அடித்த வண்ணம் போல உரிந்துவிடுகிறது.

அதற்கு ஒரு வழி: ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டி, பல்லை நுரைக்கல் (பியூமிஸ்) பொடியால் துலக்கி, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை 60 விநாடி தடவிப் புரதத்தை நீக்கி, கழுவி, பிறகு 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம், அதன்பின் ஒட்டுத் திரவம், அதன்மேல் காம்போசிட் என்ற வெள்ளை ஃபில்லிங். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பலன் தருவதில்லை. ஆய்வு முடிவுகளும் இரு பக்கமும் இருக்கின்றன. கூடுதலாக ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதால் செய்து பார்க்கத் தகும். ரப்பர் டேம் இல்லாமல் மட்டும் கூடாது, அந்தத் திரவம் ஈறையும் உதட்டையும் பொசுக்கும். மென்மையான எனாமலின் ஓரத்தில் ஃபில்லிங்கை நிறுத்தாமல், பல் முழுவதையும் போர்த்துமாறு போட்டால் இன்னும் நிற்கும். பற்களை வெளுப்பாக்க யாராவது பிளீச் செய்திருந்தால், இரண்டு வாரம் கழியாமல் காம்போசிட் போடக் கூடாது. பல்லில் தங்கிய ஆக்சிஜன் ஒட்டுத் திரவத்தை இறுகவிடாது. அமிலப் பசையால் கறையைத் தேய்த்து எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் ஃபுளோரைடு கறைக்கு நல்லது. உங்கள் மகனுக்கு வேண்டவே வேண்டாம், இருக்கும் கொஞ்சமும் போய்விடும்.

பின்பற்களில் தேய்மானம் நிற்க வேண்டும் என்றால் கேப்தான். நிலையான கடைவாய்ப் பற்களுக்கும் ஆயத்த ஸ்டீல் கேப் உண்டு. லேபில் செய்யும் பீங்கான், ஜிர்கோனியா கேப்களை ஈறு ஓரம் நிலைபெறும் பதினெட்டு வயதுவாக்கில் போட்டால் போதும். இப்போதே போட்டால் ஈறு இறங்கி ஓரம் வெளியே தெரியும். இளம்பல்லின் கூழ் பெரிதாக இருப்பதால் செதுக்கும்போது அது திறந்துவிடும் ஆபத்தும் உண்டு. முன்பற்கள் மேலும் கீழும் சேராமல் வாய் திறந்தவாறு இருப்பதும் இந்த நோயில் சாதாரணம். இப்போதே பல் சீரமைப்பு நிபுணரும் பார்க்கட்டும். கிளிப் போடும்போது சாதாரணமாக ஒட்டும் பட்டைகள் இந்தப் பற்களில் நிற்காது, வளையங்கள் தேவைப்படலாம்.

இனி, பல்லைத் தாண்டிய விஷயம். இந்த நோய் பல்லோடு முடிகிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. பற்கள் முளைக்காமல் தாடைக்குள்ளேயே கிடந்து, ஈறும் தடித்திருந்தால், ஃபேம்20ஏ மரபணுவின் எனாமல்-சிறுநீரக சிண்ட்ரோமாக இருக்கலாம். அதில் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, ரத்தப் பரிசோதனையும் ஆண்டுக்கணக்கில் சரியாகவே இருக்கலாம். வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். ஸ்கேன் முடியும்வரை வலிக்கு இபுபுரூஃபன் தராமல் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மகன் வெயிலைக் கண்டால் கண்ணைச் சுருக்குகிறானா, நிறம் பிரித்துச் சொல்லத் தடுமாறுகிறானா என்று கவனியுங்கள். விழித்திரையையும் எனாமலையும் சேர்த்துப் பாதிக்கும் ஜலீலி சிண்ட்ரோம் ஒன்று உண்டு. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். காது சரியாகக் கேட்காமல் இருந்தால் ஹெய்ம்லர் சிண்ட்ரோம். சிறு வயதிலேயே வலிப்பு வந்து, கற்றது மறந்துபோனால் கோல்ஷூட்டர்-டோன்ஸ். இவை எல்லாம் அரிதானவை. ஆனாலும் ஒரு ஸ்கேன், ஒரு கண் பரிசோதனை, ஒரு காது பரிசோதனை எல்லோருக்கும் செய்யத் தகுந்தவையே.

சொந்தத்தில் மணந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். மேலே சொன்ன நான்கு சிண்ட்ரோம்களும், அமெலோஜெனிசிஸின் சில வகைகளும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் வெளிப்படும். இருவரும் ஒரே தாத்தா பாட்டி வழி வந்தவர்கள் என்றால் அதே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எல்லா வகையும் அப்படி அல்ல. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்து தலைமுறை தலைமுறையாகத் தெரியும் வகையும் உண்டு. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையில் ஆண் பிள்ளைகளுக்குப் பல் முழுதும் கெட்டிருக்கும். பெண் பிள்ளைகளுக்குச் செங்குத்தான பட்டைகளாகத் தெரியும். தங்கை இருந்தால் அவள் பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். மரபணு ஆலோசனை மருத்துவரிடம் போகும்போது இரு குடும்பத்தினரின் பற்கள் பற்றிய விவரத்தை எழுதி எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பல் துலக்கவே விடுவதில்லை. தண்ணீர் பட்டாலே கத்துகிறாள். உப்பு, கரி வைத்துத் தேய்க்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: உப்பும் கரியும் வேண்டாம், எனாமல் குறைந்த பல்லை அவை அறுத்துவிடும். தண்ணீர் பட்டுக் கத்துவது அடம் அல்ல, கூச்சம். வெதுவெதுப்பான தண்ணீர், மிக மென்மையான சிறிய பிரஷ். குழந்தைக்குப் பின்னால் நின்று, அவள் தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு துலக்குங்கள். கழுத்தைப் பின்னால் வளைக்காதீர்கள், டவுன் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பின் முதல் இரு கண்ணிகள் தளர்வாக இருக்கும். 1000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயதுக்குள் என்றால் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு. துலக்கியபின் துப்பட்டும், வாய் கொப்பளிக்க வேண்டாம். இரவு துலக்கல்தான் முக்கியம். காலையிலும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் கூச்சம் நன்றாகக் குறையும். ஐந்து நிமிட வேலை. அன்று சூடான, கடினமான உணவு மட்டும் கூடாது. சொத்தை விழுந்து, சிகிச்சைக்கு உட்கார மாட்டாள் என்றால் 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடை ஒரு நிமிடம் தடவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுப்பாகும். குறைபட்ட எனாமலும் சேர்ந்து கறுக்கும். முன்பல்லில் தடவும் முன் உங்கள் சம்மதம் கேட்காத மருத்துவரை நிறுத்திக் கேளுங்கள். டவுன் குழந்தைகளுக்குச் சொத்தையைவிட ஈறு நோயே பெரிய எதிரி, ஆகையால் ஈறு ஓரத்தை விட்டுவிட்டுப் பல்லின் நடுவை மட்டும் துலக்காதீர்கள். ஆறு வயதுப் பல்லை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் முதலில் ஓ.பி.ஜி. (இரு தாடைகளையும் முழுதாகக் காட்டும் எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்குச் சில நிலைப் பற்கள் பிறவியிலேயே இல்லாமல் இருப்பது சகஜம். எடுத்த இடத்துக்கு வர பல்லே இல்லாமல் போகலாம்.

கேள்வி: பாஸ்பேட் குறைவால் வரும் பரம்பரை ரிக்கெட்ஸ் என் மகனுக்கு. சொத்தையே இல்லை, ஆனால் ஈறில் சீழ்க்கொப்புளம் வந்துகொண்டே இருக்கிறது. (யாழ்ப்பாணம்)

பதில்: அந்த நோய்க்கே உரிய அடையாளம் இது. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள். அதற்குக் கீழே டென்டின் சரியாகத் தாது ஏறாமல் ஓட்டை ஓட்டையாக. நரம்புக் கூழின் கொம்புகள் எனாமல் வரை நீண்டு நிற்கும். பல்லின் முனை கொஞ்சம் தேய்ந்தாலே கிருமிகள் நேராகக் கூழுக்குப் போய்விடும். முளைத்த உடனேயே கடைவாய்ப் பற்களைச் சீலன்ட்டால் மூட வேண்டும், பால் பற்களுக்கு ஸ்டீல் கேப் போடுவதும் தகும். கொப்புளம் வந்த பல்லை ஆன்டிபயாடிக்கால் அமுக்கிவைப்பது தீர்வல்ல. பாஸ்பேட், வைட்டமின் டி மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்தால் இனி உருவாகும் நிலைப் பற்கள் மேம்படும்.

கேள்வி: மரத்துப்போக ஊசி போட்டும் மகள் வலிக்கிறது என்று அழுதாள். பொய் சொல்கிறாள் என்றார்கள். (சேலம்)

பதில்: பொய் அல்ல. எனாமல் மென்மையான பல்லின் வழியாகக் காலம் முழுதும் சூடும் குளிரும் கிருமியும் உள்ளே போவதால் நரம்பு நாள்பட்ட அழற்சியில் இருக்கும். அந்தப் பல் சுலபத்தில் மரக்காது. ஒரு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் கொடுப்பதும், சிகிச்சையில் சிரிப்பு வாயு சேர்ப்பதும், நான்கு வயதுக்கு மேல் என்றால் ஆர்ட்டிகெய்ன் ஊசியும் உதவும். அதற்கும் மரக்கவில்லை என்றால் அன்று கண்ணாடி அயனோமர் பூசி அனுப்பி, சில வாரம் கழித்து, நரம்பு ஆறியபின் தொடங்கலாம். கட்டிப்பிடித்துச் செய்த ஒரு சிகிச்சை, அந்தக் குழந்தையைப் பத்து ஆண்டுக்குப் பல் மருத்துவரிடமிருந்து விரட்டிவிடும்.

கேள்வி: எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. தொட்டாலே தோல் கொப்புளிக்கிறது. எனாமலிலும் குழிகள். இந்தக் குழந்தைக்குப் பல் சிகிச்சை செய்யலாமா? (விழுப்புரம்)

பதில்: செய்யலாம், கை மென்மையாக இருந்தால். உதட்டுக்கும் கருவிகளுக்கும் வாசலின் தடவ வேண்டும். உறிஞ்சு குழாயைக் கன்னத்தில் வைக்காமல் பல்லின் மேலேயே வைக்க வேண்டும். தோலில் பிளாஸ்டர் எதுவும் ஒட்டக் கூடாது. தோலைத் தேய்ப்பதுதான் கொப்புளம் தரும், நேராக அழுத்துவது தராது. குழி விழுந்த கடைவாய்ப் பற்களுக்கு இங்கும் கேப்தான்.

கேள்வி: முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பற்களையும் ஒரே நாளில் செய்யலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (கடலூர்)

பதில்: நிறையப் பற்கள் கெட்ட, ஒத்துழைக்க முடியாத குழந்தைக்கு அது நல்ல வழி. ஆனால் எந்த சிண்ட்ரோம் என்பது மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்றால் பெருந்தமனி, இதயக் குழாய்ச் சுருக்கத்தால் மயக்கத்திலேயே இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. அதைப் பல் கிளினிக்கில் செய்யக் கூடாது, இதயப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான். மார்க்கியோ சிண்ட்ரோமில் கழுத்தும் மூச்சுக்குழாயும் சிக்கல். டிஜார்ஜில் கால்சியம் சரியாக இல்லாமல் மயக்கம் கொடுத்தால் வலிப்பு வரலாம். கண், காது, தொண்டை ஆபரேஷன் ஏதும் பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்கக் கேளுங்கள்.

திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம். “ஒரு வாய் பால்தானே” என்று காலையில் கொடுத்துவிட்டு வருவதால் கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆபரேஷன்கள் அதிகம். வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை எதை அன்று கொடுப்பது, எதை நிறுத்துவது என்பதை முந்தைய நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு தடையாக இருந்தால், பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளுக்காக அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையத்தில் பதிவு செய்து, அங்கிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் வாங்கிப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தும் ஒரே ஃபைலில், தேதி வாரியாக இருக்கட்டும்.